செவ்வாய்க்கிழமை மதகு திறந்தவர்

மேடம், முதலில் ஒரு வேண்டுகோள். இந்தத் தாள்களை யாருக்கும் காட்டாதீர்கள். அப்பாவுக்குக் காட்டாதீர்கள். அவர் வேலை செய்யும் குடியிருப்பின் செயலாளருக்குக் கண்டிப்பாகக் காட்டாதீர்கள். உங்களுக்குப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் சிரிக்கிற காவலர் அண்ணனுக்கும் காட்டாதீர்கள். படித்து முடித்து, உண்மைதானா என்று விசாரித்த பிறகு, எதை வெளியே சொல்வது, எதை விட்டுவிடுவது என்று நீங்களே முடிவு செய்யுங்கள். நாளை திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, பள்ளிக்குப் போகும் வழியில், உங்கள் கையில் மட்டும் கொடுப்பேன். நீங்கள் வரவில்லை என்றால் ஸ்டேஷன் வாசலிலேயே நிற்பேன்.

என் தாயார் நீதிமன்றத்துக்கு எதிரில் உள்ள ஜெராக்ஸ் கடையில் தட்டச்சு செய்து வருகிறார். விடுமுறை நாட்களில் நான் பக்கத்தில் உட்கார்ந்து கையெழுத்துப் பிரதியை வாசிப்பேன், அவர் அடிப்பார். அதனால் ஒரு வாக்குமூலம் எந்த வரிசையில் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அந்த வரிசையில்தான் எழுதுகிறேன். தாள் வேறு யார் கைக்காவது போய்விடுமோ என்ற பயத்தில் பெயர்களை மட்டும் விட்டுவிட்டேன்.

பெயர்: உங்களுக்குத் தெரியும். வீட்டில் சுண்டெலி. வயது: பதினைந்து. படிப்பு: பத்தாம் வகுப்பு. முகவரி: புதன்கிழமை மாலை நீங்கள் வந்து, நாற்காலியின் ஒரு கால் ஆடியதால் எழுந்து நின்றபடியே விசாரித்த வீடு. மூன்றாம் மாடி. கீழ்ப் படிக்கட்டின் அடியில் தையற்காரர் உட்காரும் கட்டடம்.

நான் மேற்படி முகவரியில் தாய் தகப்பனாருடன் வசித்து வருகிறேன். என் தகப்பனார் பதினான்கு மாடிக் குடியிருப்பு ஒன்றில் பதினொரு வருடமாக லிஃப்ட் மெக்கானிக்காக வேலை செய்து வருகிறார். தகப்பனார் என்று எழுதினால் வேறு யாரையோ சொல்வது போல இருக்கிறது, அதனால் இனி அப்பா என்றே எழுதுகிறேன். சென்ற செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் அந்தக் குடியிருப்பின் கீழ்த்தளச் சாமான் அறையிலிருந்து இரண்டு செப்புக் கம்பிச் சுருள்கள் காணாமல் போனதாகவும், பூட்டு உடைக்கப்படவில்லை என்றும், சாவி அப்பாவிடம் ஒன்றும் செயலாளரிடம் ஒன்றும்தான் இருந்தன என்றும், அந்த நேரத்தில் அப்பா வேலையில் இல்லை என்றும் செயலாளர் புகார் கொடுத்தார். அதன் பிறகு புதன்கிழமை நண்பகலில் நீங்கள் அப்பாவை அழைத்து, அவருடைய போனை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே இருந்தாய் என்று கேட்டீர்கள். "வெளியில போயிருந்தேன்" என்பதற்கு மேல் அவர் வாய் திறக்கவில்லை. இவையெல்லாம் உங்களுக்கே தெரிந்தவை. வரிசைக்காக எழுதினேன்.

அன்று மதியம் செயலாளர் எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து அம்மாவிடம், "லிஃப்டையே கழட்டி மாட்டத் தெரிஞ்சவருக்கு ஒரு பூட்டு எம்மாத்திரம்மா?" என்றார். அதற்கு அம்மா, "நீங்க பன்னெண்டாவது மாடிக்கும் பதிமூணாவது மாடிக்கும் நடுவுல மாட்டிக்கிட்டுக் கத்தினப்ப அதே கைதான் உங்கள வெளிய இழுத்துச்சு. அன்னிக்கு அது திருட்டுக் கையா தெரியலையா?" என்று கேட்டுக் கதவைச் சாத்தினார். சாத்திய பிறகு அந்தக் கதவிலேயே சாய்ந்து வெகு நேரம் நின்றார்.

அதன் பிறகு அன்று மாலை நீங்கள் அப்பாவையும் கூட்டிக்கொண்டு வந்தீர்கள். அப்பா செவ்வாய்க்கிழமை சாயங்காலம் எங்கே இருந்தார் என்று என்னைத் தனியாகக் கேட்டீர்கள். "வீட்லதான் மேடம் இருந்தாரு, நாலு மணியிலேர்ந்து எனக்குக் கணக்கு சொல்லிக் குடுத்துட்டு இருந்தாரு" என்றேன். அது பொய். யாரும் சொல்லிக்கொடுத்த பொய் அல்ல. நீங்கள் கேட்டதும் அது தானாகவே வாயிலிருந்து வந்துவிட்டது. நீங்கள் மாடி ஏறி வருவதற்கு முன்பே தையற்காரரிடம் பேசி, செவ்வாய்க்கிழமை அப்பா இருட்டிய பிறகுதான் படியேறினார் என்று தெரிந்துகொண்டுவிட்டீர்கள் என்று எனக்குத் தெரியாது. "நல்லாத்தான் கணக்கு சொல்லிக் குடுத்திருக்காரு" என்று நீங்கள் அப்பாவைப் பார்த்துச் சொன்னபோதுதான் நான் என்ன செய்துவிட்டேன் என்று புரிந்தது. அதுவரை அப்பா பதில் சொல்லாத ஆள். அந்த நிமிடத்திலிருந்து பெற்ற பெண்ணைப் பொய் சொல்லப் பழக்கிய ஆள். நீங்கள் போன பிறகு அப்பா என்னைத் திட்டவில்லை. ஆடிய நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துக் காலை முடுக்கினார். "ஏன் சுண்டெலி?" என்று மட்டும் கேட்டார். இந்தத் தாளை எழுத அதுதான் முதல் காரணம்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் அப்பா ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்தார். வெள்ளிக்கிழமை நீங்கள் அம்மாவிடம், திங்கட்கிழமை பத்து மணிக்கு ஒரு மாற்றுத்துணியோடு வரச் சொல்லுங்கள் என்றீர்கள். அம்மா நீதிமன்றத்துக்கு எதிரில் வேலை செய்கிறவர், அன்றே உள்ளே வைத்துவிடுவார்கள் என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று அவருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்து அப்பாவின் சாம்பல் நிறச் சட்டையை இஸ்திரி போட்டார். மடித்து வைத்தார். பிறகு அதையே பிரித்து மறுபடி இஸ்திரி போட்டார்.

அதன் பிறகு சனிக்கிழமை காலை நான் அம்மாவோடு கடைக்குப் போனேன். பள்ளியில் செய்முறைப் பாடத்தை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லியிருந்ததால், கடைக் கணினியில் என் பழைய மின்னஞ்சலைத் திறந்தேன். அதில் முந்தைய நாள், வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி இருபத்தெட்டு நிமிடத்துக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. "சுண்டெலி, மூன்று நாட்களாக உங்களைக் காணவில்லை. உங்கள் மீன்கள் பசியோடு இருக்கின்றன. ஏழு நாட்கள் ஆனால் அவை வேறு குளம் தேடிப் போய்விடும்" என்று இருந்தது.

இதை விளக்க வேண்டும். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அப்பாவின் போனில் குளம் என்று ஒரு விளையாட்டில் கணக்கு தொடங்கினேன். அதில் நமக்கென்று ஒரு குளம் இருக்கும். மீன் வளர்க்க வேண்டும், தீனி போட வேண்டும், பக்கத்துக் குளத்துக்காரர்கள் வந்து பார்த்துவிட்டுக் குறிப்பு எழுதிவிட்டுப் போவார்கள். செவ்வாய்க்கிழமை மாலைகளில் வெள்ளம் வரும். அப்போது பத்து நிமிடத்துக்கு ஒரு முறை மதகு திறந்துவிட வேண்டும், ஒரு முறை தவறினாலும் குஞ்சுகள் அடித்துக்கொண்டு போய்விடும். பதினோரு வயதில் நான் கணக்கில் முப்பத்தொரு மதிப்பெண் வாங்கியபோது அப்பா போனைப் பிடுங்கிக்கொண்டு, "கணக்கையே அழிச்சுட்டேன். இனிமே குளமும் கிடையாது, குட்டையும் கிடையாது. படி" என்றார். எட்டு நாள் அவரோடு பேசாமல் இருந்தேன். பிறகு பேசிவிட்டேன், பிறகு மறந்தும் விட்டேன்.

அழித்த கணக்கில் மூன்று நாளாக ஆளைக் காணவில்லை என்றால், மூன்று நாளுக்கு முன்பு யாரோ இருந்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமையிலிருந்து மூன்று நாள் பின்னால் போனால் செவ்வாய்க்கிழமை. மாலை ஆறு இருபத்தெட்டு. இதற்கு முன் இப்படிக் கடிதம் வந்திருக்கிறதா என்று தேடினேன். நான்கு வருடத்தில் ஒன்றே ஒன்று இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன், அப்பாவுக்குக் குடல்வால் அறுவை சிகிச்சை நடந்த வாரத்தில் வந்தது. அந்த வாரம் ஆறாம் நாள், தையல்கூடப் பிரிக்காமல், "சும்மா காத்து வாங்கிட்டு வரேன்" என்று அப்பா எழுந்து போனதும், "தையல் விட்டுப்போச்சுன்னா ஜெராக்ஸ் கடையில ஒட்ட முடியாது" என்று அம்மா படிக்கட்டு வரை போய்க் கத்தியதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆகவே அந்த யாரோ யார் என்று எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நான் நினைப்பது போதாது. கணக்குக்குள் போய்ப் பார்த்தால்தான் உண்டு.

அதன் பிறகு கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற இடத்தை அழுத்தினேன். கணக்கு தொடங்கியபோது கொடுத்த பிறந்த தேதியைக் கேட்டது. மூன்று முறை முயலலாம், மூன்றும் தவறினால் பதினைந்து நாள் பூட்டப்படும் என்று இருந்தது. அப்பாவுக்கு இருந்தது இரண்டே நாள். யோசிக்காமல் என் பிறந்த தேதியைப் போட்டேன். தவறு என்றது. அப்போதுதான், பதின்மூன்று வயது ஆகாதவர்களுக்கு அந்த விளையாட்டில் கணக்கு கிடையாது என்பதும், அதற்காக ஒன்பது வயதில் அப்பாவின் தேதியைக் கொடுத்ததும் நினைவுக்கு வந்தது. அப்பாவின் பிறந்த நாள் எனக்குத் தெரியும், ஒவ்வொரு வருடமும் வாழ்த்துச் சொல்கிறேன். அதைப் போட்டேன். அதுவும் தவறு.

கணினியை விட்டு எழுந்து கடையின் பின்பக்கம் போய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து, தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மாவிடம், "அம்மா, அப்பா பொறந்த தேதி சரியாத்தானே எனக்குத் தெரியும்?" என்று கேட்டேன்.

"எந்தத் தேதி?" என்றார் அம்மா, விரலை நிறுத்தாமல்.

"எத்தனை தேதிம்மா இருக்கு?"

"ரெண்டு. ஒண்ணு அவங்க அம்மா பெத்தது. இன்னொண்ணு ஹெட்மாஸ்டர் பெத்தது. பள்ளிக்கூடத்துல சேக்குறப்ப வயசு பத்தலன்னு அவரே ஏழு மாசம் கூட்டிப் போட்டுட்டாரு. எல்லா அட்டையிலயும் அதுதான். எதுக்குடி கேக்குற?"

"பள்ளிக்கூடத்துல ஒரு படிவம்" என்றேன்.

"அப்ப ஹெட்மாஸ்டர் பெத்ததையே போடு."

ஒன்பது வயதில் நான் எதைப் பார்த்து எழுதினேன் என்று யோசித்தேன். அப்போது அப்பாவின் உண்மையான பிறந்த நாள் எனக்கு மனப்பாடமாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, மேசையில் கிடந்த அவருடைய அட்டையைப் பார்த்துத்தான் எழுதியிருப்பேன். மூன்றாவது முறையாக அந்தத் தேதியைப் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது மின்னஞ்சலுக்கு ஆறு இலக்க எண் வந்திருந்தது. புதிய கடவுச்சொல் வைத்து உள்ளே போனேன். சனிக்கிழமை காலை பதினொரு மணி பன்னிரண்டு நிமிடம்.

உள்ளே நான் கண்டவை பின்வருமாறு. நான் விட்டபோது ஆறு மீன் இருந்தன. இப்போது நூற்று நாற்பத்து மூன்று இருக்கின்றன. அந்த ஆறும் அவற்றில் இருக்கின்றன. கரை, மதகு, வாய்க்கால் எல்லாம் ஒரு மெக்கானிக் கட்டியது போல நூல் பிடித்தாற்போல் இருக்கின்றன. கணக்கில் யார் எப்போது எந்த இணைப்பு வழியாக வந்தார்கள், என்ன செய்தார்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் நான்கு வருடத்துக்கு முன், எனக்குத் திட்டு விழுந்த அதே நாளில், கணக்கை நீக்கும் பக்கம் திறக்கப்பட்டிருக்கிறது. நீக்கப்படவில்லை. ஏழு நிமிடம் கழித்து மீனுக்குத் தீனி போடப்பட்டிருக்கிறது.

சென்ற செவ்வாய்க்கிழமைக்கான பதிவில், மாலை நான்கு மணி முப்பத்தெட்டு நிமிடத்துக்கு உள்ளே வந்ததாகவும், ஆறு இருபத்தெட்டுக்கு வெளியேறியதாகவும், இடையில் பத்து நிமிடத்துக்கு ஒன்றாகப் பதினொரு முறை மதகு திறக்கப்பட்டதாகவும் இருக்கிறது. ஒரு முறைகூடத் தவறவில்லை. இணைப்பு என்ற இடத்தில் கண் மருத்துவமனையின் பார்வையாளர்களுக்கான இலவச வைஃபை என்று இருக்கிறது. நம் ஊரில் கண் மருத்துவமனை ஒன்றுதான். அது அந்தக் குடியிருப்பிலிருந்து பேருந்தில் அரை மணி நேரம். எனக்குத் திட்டு விழுந்த அந்த மாதத்திலிருந்து அப்பா போனில் பேசுவதற்கு மட்டும்தான் பணம் கட்டுவார், இணையத்துக்குக் கட்ட மாட்டார்.

பட்டியல் முழுவதையும் பதினொரு பக்கம் அச்செடுத்தேன். "செய்முறை இவ்வளவு பெருசா?" என்று அம்மா கேட்டார். ஆமாம் என்றேன்.

அதன் பிறகு, தோழி வீட்டுக்கு நோட்டு வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டு, அம்மாவின் கைப்பையிலிருந்து அப்பாவின் சிறிய புகைப்படத்தை எடுத்துக்கொண்டு கண் மருத்துவமனைக்குப் போனேன். அங்கே காத்திருக்கும் கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். எல்லாருக்கும் சொட்டு மருந்து விட்டிருந்ததால் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்கள். அப்பா ஏன் இந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்று அப்போது புரிந்தது. ஐம்பது பேர் நடுவில் உட்கார்ந்து மீன் வளர்த்தாலும் ஒருவரும் பார்க்க மாட்டார்கள்.

டோக்கன் கொடுக்கும் அக்காவிடம் புகைப்படத்தைக் காட்டினேன். அவர் பார்த்ததும் சிரித்துவிட்டார்.

"இவரா? இவரு நம்ம நிரந்தர நோயாளியாச்சே. ஒருநாள் விட்டு ஒருநாள் ஏழு மணிக்கு மேல வந்து பத்து நிமிஷம் உக்காருவாரு. செவ்வாய்க்கிழமை மட்டும் நாலரைக்கே வந்துடுவாரு, ரெண்டு மணி நேரம் ஆடாம அசையாம. டோக்கன் வாங்குவாரு, டாக்டரை மட்டும் பாக்கவே மாட்டாரு. கண்ணுல என்னண்ணே பிரச்சனைன்னு கேட்டா, 'இன்னும் பாக்கலம்மா'ன்னு சொல்வாரு. நீ யாரு?"

"அவரோட பொண்ணு."

"ஓ, படிக்கிற பொண்ணா? ஒருநாள் நம்ம காத்திருப்பு நாற்காலி எல்லாத்தையும் கவுத்துப் போட்டு ஸ்க்ரூ முடுக்கிக் குடுத்தாரு. அப்ப சொன்னாரு, பொண்ணு படிக்குதுன்னு."

செவ்வாய்க்கிழமையும் வந்தாரா என்று கேட்டேன். அவர் ஏட்டைப் புரட்டிக் காட்டினார். மாலை நான்கு முப்பத்தொன்று, டோக்கன் எண் அறுபத்தொன்று, அப்பாவின் பெயர். அந்த அக்காவின் தலைக்கு மேலேயே கேமரா இருக்கிறது. அதில் பதிவானது பத்து நாள்தான் இருக்கும், அதன் பிறகு தானாக அழிந்துவிடும் என்றார். மேடம், இன்றோடு ஐந்து நாள் முடிந்துவிட்டது. தயவுசெய்து நாளைக்கே ஆள் அனுப்புங்கள்.

மருத்துவமனைப் படியில் உட்கார்ந்து சிறிது நேரம் அழுதேன். பக்கத்தில் கண் கட்டோடு இருந்த பெரியவர், "மருந்து எரியுதாம்மா? கொஞ்ச நேரத்துல சரியாயிடும்" என்றார். ஆமாம் ஐயா, சரியாகிவிட்டது என்றேன். புதன்கிழமைக்குப் பிறகு அன்று இரவுதான் மறுபடி பசித்துச் சாப்பிட்டேன்.

இனி, இதை ஏன் மறைத்து எழுதுகிறேன் என்பதைச் சொல்ல வேண்டும். அப்பா வேலை நேரத்தில் போனது தவறு, அதை நான் மறுக்கவில்லை. செயலாளருக்குத் தெரிந்தால், திருடன் இல்லை என்றாலும் வேலையிலிருந்து நிறுத்திவிடுவார். அதைவிட இன்னொன்று இருக்கிறது. குளத்துக்கு வருகிறவர்கள் எழுதும் குறிப்புகளை நான் படித்தேன். நெட்டைக்கொக்கு என்ற பக்கத்துக் குளத்துக்காரர் நான்கு வருடத்துக்கு முன், "பாப்பா, ஏன் ரெண்டு நாளா வரல?" என்று எழுதியிருக்கிறார். அதற்கு அப்பா, "பாப்பா இல்லைங்க, பாப்பாவோட அப்பா. பாப்பா படிக்குது. பரீட்சை முடிஞ்சதும் வரும். அதுவரைக்கும் நான் பாத்துக்குறேன்" என்று எழுதியிருக்கிறார். அடுத்த வருடமும் அவர் கேட்டிருக்கிறார், அப்பாவும் அதையே எழுதியிருக்கிறார். இந்த வருடம், "இப்ப பத்தாவது. இது முடியட்டும், கண்டிப்பா வரும்" என்று இருக்கிறது. இதைச் சொல்வதற்குப் பதிலாக அவர் உங்கள் பெஞ்சில் மூன்று நாள் உட்கார்ந்திருக்கிறார். என்னிடம் அழித்துவிட்டேன் என்று சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு வெட்கம். ஸ்டேஷனில் யாரும் சிரிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள் மேடம்.

கணக்குக்குள் போன பிறகு நான் கடவுச்சொல் மாற்றியதைத் தவிர வேறெதையும் தொடவில்லை. தீனி போடவில்லை. அப்பா விட்ட இடத்துக்குப் பிறகு என் கை பட்டால், செவ்வாய்க்கிழமை இருந்ததும் நான்தான் என்று யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம். நூற்று நாற்பத்து மூன்றும் பட்டினி. நாளை மறுநாள் மாலை ஆறு இருபத்தெட்டுக்கு அவை போய்விடும். அதற்குள் நீங்கள் பார்த்து முடித்து, போட்டுக்கொள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். புதிய கடவுச்சொல்லைத் தனிச் சீட்டில் எழுதி, அச்செடுத்த பதினொரு பக்கத்தோடு குத்தி வைத்திருக்கிறேன்.

மேலே எழுதிய யாவும் நான் கண்ணால் பார்த்ததும் காதால் கேட்டதும். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை, யாருக்கும் தெரிந்தும் எழுதவில்லை. புதன்கிழமை உங்களிடம் சொன்ன ஒரு பொய்யை இதன் மூலம் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். திருப்பிப் படித்துப் பார்த்தேன், எல்லாம் சரியாக இருக்கிறது. இப்படிக்கு

கதவைத் தட்டுகிறார்கள். அப்பா.

"சுண்டெலி, முழிச்சிருக்கியாம்மா? கதவைத் தொற. நாளைக்கு அந்த மேடம்கிட்ட எங்க இருந்தேன்னு சொல்லிடப் போறேன். அதுக்கு முன்னாடி உங்கிட்ட சொல்லணும். நீ சிரிக்கக் கூடாது."

மேடம், நான் இப்போதே சிரித்துக்கொண்டு